பொடி கழுத்தில் கட்டிய மெஷின்

காசிமேட்டுக்கு இந்தப் பக்கம், கருங்கல் கொட்டிய இடத்தை ஒட்டி இன்னும் கொஞ்சம் மணல் மிச்சமிருக்கிறது. அன்று காலை அந்த மணலில் நாங்கள் நின்றிருந்தோம். நான், என் கணவர் தேசப்பன், எங்கள் நாய் பொடி, நாய்க்குப் பாடம் சொல்லித்தர வந்த நிதின்.

பொடி எட்டத்தில் ஒரு நண்டு வளையை மோந்துகொண்டிருந்தது. நிதின், "பொடி, கம்" என்றான். ஒரே ஒரு தடவை. அவனுடைய முறைப்படி ஒரு தடவைக்கு மேல் கூப்பிடக் கூடாது.

பொடி தலையைத் தூக்கியது. வலது காது மட்டும் நட்டுக்கொண்டது. முன்னங்கால்களில் ஒன்றைத் தூக்கியபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. வரவில்லை.

நிதினின் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் நகர்ந்தது. எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். நான் அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்தேன்.

பக்கத்தில் என் கணவர் மூன்று விரலை நீட்டிக்கொண்டு என் தோளைத் தட்டினார். அந்த மூன்று விரலால் எங்கள் வீட்டில் பத்து நாளாக ஒரே பேஜார். அதைச் சொல்வதற்கு முன் என் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சி.ஐ.டி. அக்கா

தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் வெகு காலம் செக்கிங் வேலை பார்த்தேன். சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது கணக்கில்லை. காலருக்கு அடியில் பிசிறு இருக்கிறதா, அக்குளில் நூல் விட்டிருக்கிறதா என்பதுதான் என் பிழைப்பு. தையல் பிரிவுப் பெண்கள் எனக்கு சி.ஐ.டி. அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள்.

வேலையை விட்டு நின்ற பிறகும் அந்தக் கண் போகவில்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்னைக் கண்டாலே, "எடை போட்டுக்கோக்கா" என்று தானாகச் சொல்லிவிடுவார்.

இந்தக் கண்ணுக்கு என் வீட்டுக்காரரும் தப்பவில்லை. அவர் காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். காலையில் ஏலம் முடிந்து வரும்போது பையில் கொஞ்சம் காரப்பொடி மீன் கொண்டுவருவார். சில வருஷங்களுக்கு முன்பு அது திடீரென்று குறைய ஆரம்பித்தது. கேட்டால், "இன்னிக்கு மீனு சரியில்ல" என்பார். மீன் சரியில்லாத நாளிலா மனிதர் இப்படிச் சிரித்துக்கொண்டு வருவார் என்று எனக்குச் சுருக்கென்றது. சின்ன வீடு ஏதோ இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் விடிந்ததும் முக்காடு போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஏலம் முடிந்ததும் அவர் கூடையிலிருந்து ஒரு காரப்பொடியை எடுத்துக் கீழே போட்டார். செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டி நாய் ஓடிவந்து கவ்வியது. சின்ன வீடு அதுதான்.

மறுநாளே அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். காரப்பொடி தின்றே வளர்ந்ததால் அதற்குப் பொடி என்று பேர். வீட்டுக்கு வந்த பிறகும் காலையில் அவரோடு ஏலத்துக்குப் போய் வரும்.

தெருமுனைக் குரல்

அவர் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அலை, இன்ஜின், ஐஸ் உடைக்கிற சத்தம், நூறு பேர் பேரம் எல்லாவற்றுக்கும் மேலே அது தனியாகக் கேட்கும். சாயங்காலம் காசிமேடு வரை நடந்துவிட்டு, கல்மண்டபம் பக்கம் எங்கள் சந்துமுனைக்கு வரும்போதே, "பொடீ" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் வருவார். பொடி வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா", "ஏய்" என்பதோடு சரி. நாயைக் கூப்பிடுவது எனக்கும் சேர்த்துத்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பெரியாஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை; அதன் வழியாகத்தான் மூச்சு. மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். உயிர் பிழைத்தார், அது போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் சாயங்காலம் ஆனால் அந்தச் சந்து எனக்கு வெறிச்சென்று இருந்தது.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வருகிற ஒரு கருவியை எங்கள் மகன் பாஸ்கர் வாங்கி வந்தான். அவர் வைத்துப் பார்த்தார். ஏற்ற இறக்கம் இல்லாமல் கொர்ரென்று ஒரே சுருதியில் ஒரு சத்தம் வந்தது. பொடி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு உறுமியது. அவர் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, எனக்கே தெரியாது.

வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்பீர்கள். அவர் மீசை அப்படி. உதடே தெரியாது. "மொதல்ல இந்த மீசைய எடுய்யா" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார். எழுதிக் காட்டலாமே என்பீர்கள். கையெழுத்தும் எண்களும் தவிர அவர் எழுதிப் பழகியதில்லை.

கஷ்டம் பொடி ரூபத்தில் வந்தது. எங்கள் சந்து போய் முட்டுகிற ரோட்டில் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓயாது. முன்பு பொடி அந்தப் பக்கம் போனால் அவர் ஒரு குரல் கொடுப்பார், அது நின்றுவிடும். இப்போது கை தட்டினால் லாரிச் சத்தத்தில் கேட்பதில்லை. நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் லாரி பிரேக் போட்ட சத்தம் கேட்டு ஓடினேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பொடி நடுங்கிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கித் திட்டினார். என் கணவர் சந்துமுனையில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். அவர் கூப்பிட்டிருக்கிறார். சத்தம்தான் வரவில்லை.

பாஸ்கர் கோபத்தோடு வந்தான். "மா, ஒண்ணு நாய்க்கு ட்ரெயினிங் குடுக்கணும். இல்லன்னா செங்குன்றம் பக்கம் காப்பகத்துல வுட்டுடணும். அதப் புடிக்கப் போயி அப்பா லாரில மாட்டினா இன்னா பண்ணுவ?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் குரல் போன மனிதரிடமிருந்து நாயையும் பிடுங்கினால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ரெண்டு முள்

இப்படித்தான் நிதின் வந்தான். என் மகன் வயது. சுத்தமான ஷூ, சுத்தமான பேச்சு. அதுவே எனக்கு முதல் சந்தேகம்.

கறுப்புப் பட்டை ஒன்றை எடுத்தான். அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. வெளிப்பக்கம் வழவழவென்று அழகாக இருந்தது. நான் வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாயின் கழுத்தில் படுகிற இடத்தில் இரண்டு இரும்பு முள் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னாப்பா?"

"காண்டாக்ட் பாயின்ட் ஆன்ட்டி. இந்த ரிமோட்ல மூணு பட்டன். ஒண்ணு பீப். ஒண்ணு வைப்ரேஷன். இன்னொண்ணு ஸ்டிம்."

"ஸ்டிம்முன்னா?"

"லேசா ஒரு உணர்வு."

"ஷாக்குன்னு சொல்லு."

"ஷாக் இல்ல ஆன்ட்டி. ரொம்ப மைல்டு." தன் கையிலேயே வைத்து அழுத்திக் காட்டினான். முகம் மாறவில்லை.

எந்த எண்ணில் வைத்தான் என்று யாருக்குத் தெரியும். நான் ரிமோட்டை வாங்கி எண்ணை நானே ஏற்றி, என் முன்கையில் வைத்து அழுத்தினேன். ஈரக்கையோடு கிரைண்டர் சுவிட்சைத் தொட்ட மாதிரி ஒரு வெட்டு. "அது நீங்க ரொம்ப ஏத்திட்டீங்க" என்றான். ஏற்ற முடிகிற சாமானை யாராவது ஒருவர் ஏற்றாமலா இருப்பார் என்று கேட்டேன். அவன் பையை மூடினான்.

அன்று முதல் அவன் எங்கள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நான் டீ போடக்கூட உள்ளே போகவில்லை. கயிறு கட்டி, கூப்பிட்டு, பீப் அடித்து, இழுத்து, பிஸ்கட் கொடுத்துப் பழக்கினான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பொடியைத் தடவிக் கொடுப்பான். ஆனால் நல்லவன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"கமாண்ட ஒரு தடவைதான் சொல்லணும். ரெண்டாவது தடவை சொன்னா நம்ம வார்த்தைக்கு மதிப்பு போயிடும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் தலையை வேகமாக ஆட்டி மூன்று விரலைக் காட்டினார்.

மூன்று விரல்

மத்தியான மாத்திரை மூன்றாவது டப்பாவில் இருப்பதால் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். தட்டிவிட்டார்.

பாஸ்கர் போனில் முகம் பார்த்துப் பேசும்போது அவனிடமும் காட்டினார். "சரிப்பா, மூணு மணிக்கு வரேன்" என்றான். வந்தும் சேர்ந்தான், பாவம், ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு.

ஒரு சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன். சாக்பீஸ் உடைகிற அளவுக்கு அழுத்தி எழுதினார். 3.

நிதின் அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள் கரெக்டா சொல்றாரு. லெவல் மூணுல வைக்கச் சொல்றாரு. நானும் அதான் நினைச்சேன்" என்று எண்ணை ஏற்றினான்.

இந்த நாயைக் கை ஓங்கிக்கூட மிரட்டாதவர் ஷாக்கை ஏற்றச் சொல்வாரா? குரல் போனதோடு மனசும் கெட்டுவிட்டதா? உள்ளே போய்விட்ட அவரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. அன்று நான் நிதினைச் சந்தேகப்பட்டேன், மகனைச் சந்தேகப்பட்டேன், அவரையும் சந்தேகப்பட்டேன். பொடியைக்கூட விடவில்லை. காது கேட்டும் வேண்டுமென்றே வராமல் நிற்கிறதோ என்று அதன் கண்ணையே உற்றுப் பார்த்தேன்.

மறுநாள்தான் அந்த மணலுக்குப் போனோம். "வீட்ல வர்றது பெருசில்ல ஆன்ட்டி. மீன் வாசனை அடிக்கிற இடத்துல கயிறு இல்லாம வரணும். அதுதான் பாஸ்" என்று நிதின் சொல்லியிருந்தான்.

மணலிலிருந்து ஏலத்துக்கு

நிதின் பட்டனை அழுத்தினான்.

பொடி கத்திய கத்தலை என்னால் எழுத முடியாது. துள்ளி விழுந்து எழுந்து, வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஓடியது. எங்களிடம் இல்லை, துறைமுகத்தின் பக்கம். என் கணவர் நிதினின் கையைத் தட்டிவிட, ரிமோட் மணலில் விழுந்தது. அதை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி யார் கையிலும் கொடுப்பதாக இல்லை.

மூவரும் ஓடினோம். அவருக்கு மூச்சு கழுத்து ஓட்டை வழியே விசில் மாதிரி வந்தது. நான் பொடி, பொடி என்று கத்திக்கொண்டே போனேன். வலை காயப் போட்டிருந்த இடம், ஆட்டோக்கள், ஐஸ் வேன்கள் எல்லாம் தாண்டி ஏலம் நடக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

அங்கே பொடி உட்கார்ந்திருந்தது. நாலு பக்கமும் மீன் கூடை, காலுக்குக் கீழே மீன் தண்ணீர். ஒன்றிலும் வாய் வைக்காமல் உட்கார்ந்திருந்தது.

என் கணவர் நின்ற இடத்தில் இப்போது சீனு ஏலம் விடுகிறான். அவரிடம் கூடை தூக்கித் தொழில் கற்றவன். சங்கரா மீன் கூடை ஒன்றைக் காலால் முன்னே தள்ளி, கேட்ட விலையைச் சொல்லி, "ஒரு தரம்" என்றான்.

பொடியின் வலது காது நட்டுக்கொண்டது.

"ரெண்டு தரம்."

பொடி முன்னங்காலைத் தூக்கியது. உட்கார்ந்தபடியே உடம்பெல்லாம் விறைத்தது. நகரவில்லை.

"மூணு தரம்."

அவ்வளவுதான். பாய்ந்து போய் சீனுவின் காலடியில் நின்றது. அவன் குனிந்துகூடப் பார்க்காமல் ஒரு சின்ன மீனை எடுத்துப் போட்டான்.

பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரி அஞ்சலை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நாயத் தேடிகினு வந்தியாக்கா? அது எங்க போவும். மூணாவது தரம் வரைக்கும் இங்கதான் குந்திகினு கீது. நடுவுல எந்திரிச்சா தேசப்பன் நைனா மீனு போட மாட்டாரு. கூடைல வாய் வெக்கக் கூடாதுன்னு குட்டிலயே அப்டிப் பழக்கி வுட்டுட்டாரு."

என் கணவர் என் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூப்பிட்டும் வராமல் நின்றதாக நாங்கள் நினைத்த ஒவ்வொரு தடவையும் பொடி சொன்னபடி கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறது. மீதி இரண்டு தரத்துக்காகக் காத்திருக்கிறது. நாங்கள் ஒரு தரத்தோடு நிறுத்திவிட்டு, காத்திருந்ததற்குத் தண்டனை கொடுத்திருக்கிறோம். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு நின்று இதையேதான் நான் என் கண்ணால் பார்த்தேன். சின்ன வீட்டைத் தேடுகிற அவசரத்தில் தையலைக் கவனிக்கவில்லை.

அங்கேயே அழுதுவிட்டேன். அஞ்சலை பதறிப் போய், "இன்னாக்கா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் மீன் தண்ணீரில் மண்டியிட்டுப் பட்டையைக் கழற்றினார். முள் குத்திய இடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. பொடி அவர் கழுத்துத் துணியை மோந்து பார்த்தது.

நிதின் குனிந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தான். பிறகு, "அது கேக்காம நிக்கல அங்கிள். கேட்டுட்டுதான் நின்னிருக்கு. சாரி" என்றான். அந்தக் குரலில் பிசிறு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

லாரியும் மூன்றாவது தரமும்

வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த இரண்டு முள்ளையும் கழற்றினேன். நிதின் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆன்ட்டி, அதைக் கழட்டிட்டா அது வெறும் பீப் அடிக்கிற மெஷின்தான்."

"அதான்பா வோணும்."

பட்டையை மறுபடி கட்டி, ரிமோட்டை என் கணவர் கையில் கொடுத்தேன். பீப் பட்டன் எதுவென்று காட்டினேன். அவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என்னிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

முதல் பீப், அதன் கழுத்துப் பெட்டியிலிருந்து. பொடியின் காது எழுந்தது. இரண்டாவது. கால் எழுந்தது. மூன்றாவது. பொடி ஓடிவந்து அவர் மடியில் ஏறியது. அவர் வாய் திறந்து சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. மீசை மட்டும் ஆடியது.

இருந்தாலும் லாரி ரோடு இருக்கிறதே. பாஸ்கர் நம்பவில்லை. "பீப் சத்தத்துக்கெல்லாம் ரோட்ல நிக்குமா மா? காப்பகத்துக்குப் பேசிட்டேன்" என்றான். எனக்கும் நம்பிக்கை இல்லை.

அதே வாரத்தில் ஒரு சாயங்காலம், பாஸ்கர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு பொடி சந்துமுனைக்கு ஓடியது. ரோட்டில் கன்டெய்னர் வந்துகொண்டிருந்தது. பாஸ்கர் ஓட ஆரம்பித்தான். நான் கத்தினேன். வாசலில் நின்ற அவர் பட்டனை அழுத்தினார்.

ஒரு தரம். பொடி ரோட்டு விளிம்பில் அப்படியே நின்றது. காது நட்டுக்கொண்டது.

இரண்டு தரம். கால் எழுந்தது. லாரி அதற்கு முன்னால் தடதடவென்று போக ஆரம்பித்தது.

மூன்றாவதை அவர் அழுத்தவில்லை. கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு லாரியையே பார்த்தார். நல்ல கூடை வரும்போது விலை ஏறட்டும் என்று மூன்றாவது தரத்தை அவர் எப்படி நிறுத்திப் பிடிப்பார் என்று காசிமேட்டில் கதையாகச் சொல்வார்கள். கடைசிச் சக்கரம் போகும் வரை நிறுத்திப் பிடித்தார். பிறகு அழுத்தினார்.

பொடி திரும்பி, பாதி வழியில் திகைத்து நின்ற பாஸ்கரைத் தாண்டி, அவர் காலடிக்கு வந்து நின்றது.

பாஸ்கர் அப்படியே சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். காப்பகம் என்ற பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவில்லை.

அந்த மெஷின் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை கிடையாது. தினமும் கட்டுவதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். முள் இரண்டும் என் பட்டன் டப்பாவில்தான் இருக்கின்றன. அவ்வப்போது திறந்து, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது சாயங்காலங்களில் அவர் பழையபடி காசிமேடு வரை நடந்துவிட்டு வருகிறார். சந்துமுனைக்கு வந்ததும் பட்டனை அழுத்துகிறார். அந்தச் சத்தம் பொடியின் கழுத்தில்தான் கேட்கும். பொடி அந்த நேரத்தில் அடுப்படியில், என் காலடியில் படுத்திருக்கும்.

முதல் பீப்புக்கு அது காதைத் தூக்குகிறது. நான் டீக்குத் தண்ணீர் வைக்கிறேன். இரண்டாவது பீப்புக்கு அது காலைத் தூக்கிக்கொண்டு மூன்றாவதற்காகக் காத்திருக்கிறது. அதைப் பழக்கிய மாதிரி என்னை யாரும் பழக்கவில்லை. நான் இரண்டாவதிலேயே வாசலுக்குப் போய்விடுகிறேன்.